ஸ்டீம் டெக் போர்ட்: புகையும் வெள்ளைக் கோடும்

ஒருவழியா நம்ம கேம் 40 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 40 ஃப்ரேம்) நின்னுடுச்சு. கன்சோல மனசுல வச்சு பண்ணின கேம், கையில வச்சு ஆடற ஸ்டீம் டெக்குக்குக் கொண்டு வர்றதுல மத்ததெல்லாம் ரெண்டு மூணு நாள்தான், இந்தப் புகை ஒண்ணு மட்டும் மூணு வாரம் உயிர வாங்கிடுச்சு.

ஏன் 40ன்னா, 60க்கு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 30க்கு 33.3, ரெண்டுக்கும் சரியா நடுவுல 25 மில்லிசெகண்ட். எல்சிடி மாடல்லயே ஸ்கிரீன 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கலாம், அதனால இழுவை தெரியாது. 2017ல டூம் கேம் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு வந்தப்ப 60அ 30ஆ வெட்டித்தான் வந்துச்சு, அந்த ஸ்கிரீன் 60லயே நிக்கறதால நடுவுல இடமே கிடையாது.

நம்ம கேம்ல புகை கெளம்பினா 34 மில்லிசெகண்ட், அதுல புகை மட்டும் 11. ஷேடர் (பிக்சலோட நிறத்தக் கணக்குப் போடற குட்டி புரோகிராம்) ஒண்ணும் பெருசு இல்ல, ஒரே பிக்சல் மேல பத்து பதினஞ்சு தடவ பூசுது, மெமரி பேண்ட்விட்த் (மெமரில எழுதிப் படிக்கற வேகம்) அங்கயே காலி. சரின்னு புகைய மட்டும் அகலம் உயரம் ரெண்டுலயும் பாதியா 640x400ல வரைஞ்சு மேல ஒட்டினேன், கால்வாசி பிக்சல்தானே, 3.5க்கு இறங்கிடுச்சு. ஆனா ஹீரோவச் சுத்தி சாக்பீஸ்ல வரைஞ்ச மாதிரி வெள்ளைக் கோடு!

மொத தப்பு, டெப்த்த (ஒவ்வொரு பிக்சலும் கேமராலேருந்து எவ்வளவு தூரம்ங்கற கணக்கு) புகையோட அளவுக்கு சின்னதாக்கும்போது நாலு பிக்சலையும் சராசரி எடுத்துட்டேன். ஹீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல எதுவுமே இல்லாத இடத்துல ஒரு டெப்த் வந்து நிக்குது. செக்கர்போர்டு மாதிரி ஒண்ணுல மின் (நாலுல கம்மியானது), அடுத்ததுல மேக்ஸ் (அதிகமானது)னு மாத்தினேன், பெருசாக்கும்போது டெப்த் எது கிட்ட இருக்கோ அந்தப் பிக்சல எடுக்க வச்சேன். பக்கத்துல சுத்தம். தூரத்துல மறுபடி கோடு. ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் உறைச்சது, ஓரத்தக் கண்டுபிடிக்க நான் வச்சிருந்த 0.01 எல்லை லீனியர் ஆக்காத (நெஜ தூரமா மாத்தாத) டெப்த் மேல, ரிவர்ஸ் டெப்த்ல (கிட்ட 1, தூரம் 0) தூரத்துல இருக்கறது எல்லாமே பூஜ்யத்த ஒட்டித்தான் கெடக்கும், அப்புறம் ஓரம் எங்கேருந்து தெரியும்? லீனியராக்கி, எல்லைய தூரத்தோட சேத்து வளர விட்டேன், கோடு போயே போச்சு.

அப்பவும் மொத்தம் 26.5 மில்லிசெகண்ட், 25க்குள்ள வரல. இங்கதான் ஒரு வேடிக்கை, எதிரிங்களோட ஏஐய ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் ஓட விட்டேன், படம் வரையற ஜிபியு வேகமாயிடுச்சு! சிபியுவும் ஜிபியுவும் அதே 15 வாட்டத்தானே பங்கு போட்டுக்குது, ஒண்ணு அடங்கினா இன்னொண்ணோட கிளாக் ஏறுது. 24ல வந்து நின்னுச்சு. சராசரி எஃப்பிஎஸ் மட்டும் பாத்துட்டு உக்காந்திருந்தா இது எதுவுமே தெரிஞ்சிருக்காது, மேங்கோஹட்ல (கேம் மேலயே அளவுகளக் காட்டற டூல்) ஃப்ரேம்டைம் கோட்டப் பாருங்க.

நடுவுல மைக்ரோ எஸ்டி கார்டு கதை வேற. லெவல் மாறும்போது திக்கித் திக்கி வந்துச்சு, லெவல கார்டுலேருந்து எடுக்கற என் ஸ்ட்ரீமிங் புரோகிராம்தான் காரணம்னு ரெண்டு நாள் நோண்டினேன், கடைசில பாத்தா எவனோ தலைல கட்டின டூப்ளிகேட் கார்டு. வாங்கினதும் முழுசா எழுதிப் படிச்சு செக் பண்ணிடுங்க.

அடுத்து நிழல், நாலு கேஸ்கேட (தூரத்த வச்சுப் பிரிச்ச நிழல் அடுக்கு) ரெண்டாக்கணும். நேத்து சும்மா மாத்திப் பாத்தேன், கேமரா திரும்பினா மர நிழலெல்லாம் ஊருது. புகைல இன்னும் மின்னல் வெளிச்சம் வேற சேக்கல, அதுக்குள்ள இத ஏன் தொட்டேன்னு தெரியல.