கூரையில் சோலார், வீட்டில் இருட்டு

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் பல கூரைகளில் சோலார் ஏறிவிட்டது. நல்லதுதான், டீசல் எரிக்காத கரண்ட், மாதக் கட்டணமும் குறையும்.

ஆனால் ஒன்றைப் பலர் வாங்கும்போது கேட்பதில்லை. பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று, சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரே அப்படி நிறுத்துகிறது. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே ஃபேன் சுற்றாது!

மார்கழி மழையில் உற்பத்தி படுத்துவிடும், அது தெரிந்த கதை. கடலோரம் என்றால் உப்புக் காற்று வேறு.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்ததால், பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை நாடு முழுக்கக் கேட்டது. வெயில் மிஞ்சிப்போன நாடு!

போடுவதென்றால் பேட்டரி விலையையும் சேர்த்துக் கேளுங்கள். நாங்கள் இன்னும் கணக்குத்தான் பார்க்கிறோம்.