கூண்டு கேட்டவர்களும் கூரை மணிக்கூடும்

கொழும்பில் ஒரு தரவு மையத்தின் மின்வழங்கலையும், மிகை மின்னை மண்ணுக்குள் இறக்கும் புவித்தொடுப்பையும் பார்த்துக்கொள்வது என் வேலை. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் வானம் கறுத்தால் எங்கள் பிரிவுக்கு வயிற்றைக் கலக்கும். மற்ற மாதங்களில் எங்களை யாரும் தேடுவதில்லை. 2024 மே மாதம் விதிவிலக்கு. 2003க்குப் பிறகு முதன்முறையாக ஜி5 எனும் அதியுயர் தரத்துப் புவிக்காந்தப் புயல் சூரியனிலிருந்து கிளம்பி வந்து அடித்து, லடாக்கின் வானம்கூடச் சிவந்து நிற்கும் படங்கள் கைபேசிக்குக் கைபேசி தாவியபோது, மேல்மாடியிலிருந்து அழைப்பு வந்தது. சர்வர் அறையைச் சுற்றி உலோகக் கூண்டு ஒன்று கட்டினால் என்ன என்று பணிப்பாளர் கேட்டார். அவர் ஏதோ காணொளி பார்த்திருந்தார். விலைமனு வரை போய்விட்டது.

அணுகுண்டிலிருந்து வரும் மின்காந்தத் துடிப்பையும் சூரியப் புயலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பணம் வீணாகிறது. 1962 ஜூலையில் அமெரிக்கா பசிபிக்கின் ஜோன்ஸ்டன் தீவுக்கு மேலே, 400 கிலோமீற்றர் உயரத்தில், 1.4 மெகாதொன் குண்டை வெடித்துப் பார்த்தது. சுமார் 1,400 கிலோமீற்றர் தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. அந்தத் துடிப்பின் முதல் அலை நனோ செக்கன்களில் உச்சத்துக்கு ஏறும். மின்னல்கூட மைக்ரோ செக்கன் கணக்குத்தான். கூண்டும் வடிகட்டிகளும் அதற்கானவை.

சூரியப் புயல் அப்படிப் பாய்வதில்லை. நிமிடக் கணக்கில் அசைந்து, நீண்ட மின்கம்பிகளில் நேரோட்டம் போன்ற ஒன்றைத் தூண்டிவிடும். அது நிலைமாற்றியின் (ட்ரான்ஸ்போமரின்) புவித்தொடுப்பு வழியாகவே ஏறி இறங்கும். அதன் இரும்பு அகணி காந்தத்தால் நிரம்பிச் சூடேறும். மின்னலுக்குக் காவலாக நாம் பார்த்துப் பார்த்துப் போட்ட புவித்தொடுப்பே இதற்கு வாசல். புவித்தொடுப்பே கதி என்றிருக்கும் என்னைப் போன்றவனுக்கு இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கசப்புத்தான்.

விலைமனுவைப் பேசுவதற்கு முன் இருப்பதைப் பார்ப்போம் என்று பிரதான மின்பலகையைத் திறந்தோம். மின்னலால் திடீரெனப் பாயும் மின்னழுத்தத்தைப் புவிக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டரின் பச்சைச் சாளரங்களில் ஒன்று சிவப்பாகியிருந்தது. ஏதோ ஒரு இடியைத் தாங்கி உயிரை விட்டிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. அதைவிட என் கண்ணில் பட்டது, அதிலிருந்து புவிச்சட்டத்துக்குப் போகும் பச்சை மஞ்சள் கம்பி. மிஞ்சிய நீளத்தை ஒப்பந்தக்காரர் வளையம் வளையமாகச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். நேரான கம்பிக்கே மீற்றருக்குச் சுமார் ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டல் உண்டு. மைக்ரோ செக்கனுக்கு ஆயிரம் அம்பியர் வீதம் மின்னோட்டம் ஏறினால், அந்த ஒரு மீற்றரிலேயே ஆயிரம் வோல்ற்று எழுந்துவிடும். சுற்றினால் இன்னும் மோசம். இணைப்புக் கம்பி மொத்தமாக அரை மீற்றரைத் தாண்டக் கூடாது என்பது அதனால்தான்.

“வடிவாகச் சுற்றியிருக்கிறார்கள், சேர். வெட்ட மனம் வரவில்லை” என்றார் என்னோடு நின்ற தொழில்நுட்பவியலாளர். வெட்டச் சொன்னேன். எங்கள் தொழிலில் பார்வைக்கு ஒழுங்காக இருப்பதற்குக் கிடைக்கும் மரியாதை சற்று அதிகம்.

பணிப்பாளருக்கான அறிக்கையில் கனடாவின் கியூபெக்கைத்தான் முதலில் எழுதினேன். 1989 மார்ச் 13 அன்று ஒரு சூரியப் புயலில் அங்கே சுமார் 90 செக்கனில் முழு வலையமைப்பும் விழுந்தது. 60 லட்சம் பேர் ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். துருவத்தை நெருங்கிய இடம், ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் 735 கிலோவோல்ற்றுக் கம்பிகள், அடியில் மின்னோட்டத்தை ஏற்காத கடும்பாறை. இலங்கையின் அடியிலும் பெரும்பகுதி பழம்பாறைதான். ஆனால் நம் கம்பிகள் குட்டை, 220 கிலோவோல்ற்றுக்கு மேல் போவதில்லை, துருவமோ வெகு தூரம். ஆகவே நம் நிலைமாற்றிகள் சூரியனால் எரியும் என்று நான் நித்திரை கெடுவதில்லை. நம்மை இருட்டில் தள்ள அவ்வளவு பெரிய ஆள் தேவையுமில்லை. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் போனதற்குப் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏறிய ஒரு குரங்கைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

என் கவலை கூரையில் இருக்கிறது. கவிழ்த்து வைத்த தேநீர்க் கோப்பை அளவில் ஒரு ஜிபிஎஸ் அன்ரெனா. காகங்கள் அதன் தலையில்தான் உட்காரும். கட்டடத்தின் கருவிகள் அத்தனையும் நேரம் எடுப்பது அதிலிருந்து. நாங்கள் நேரம் வழங்கும் சில கைபேசி வலையமைப்புக் கருவிகளில் ஒன்றரை மைக்ரோ செக்கன் பிசகினாலே அலைகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். பூமியின் காந்த நடுக்கோடோ நமக்கு மிக அருகில் செல்கிறது. அதன் மேலுள்ள வானத்தை ஆராயவென்றே தமிழ்நாட்டின் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. பொழுதுபட்ட பின், வளிமண்டலத்தின் மேலேயுள்ள மின்னேறிய அடுக்கான அயனமண்டலத்தில் குமிழிகள் எழுந்து செய்மதிச் சமிக்ஞையைச் சிதறடிப்பது, புயலே இல்லாத நாட்களிலும் இங்கே நடக்கும். பங்குனி, புரட்டாதி இரவுகளில் எங்கள் பதிவேட்டில் செய்மதிகள் ஒவ்வொன்றாகத் தொலைந்து, நள்ளிரவுக்குள் திரும்பி வரும். ஒரு பெரும் புயலில் அவை நாள் முழுக்கத் திரும்பாவிட்டால், மணிக்கூட்டுக்குள் அதிர்ந்து நேரம் காக்கும் பளிங்கு சில மணிநேரத்தில் தடம் மாறிவிடும். ருபீடியம் அணுக்களை வைத்து நேரம் காக்கும் மணிக்கூடு ஒரு நாளளவுக்கு இழுத்துப்பிடிக்கும். கூண்டின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

இன்னொன்று டீசல். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்தக் காரணத்தால் மின்சாரம் போனாலும், மின்பிறப்பாக்கி எவ்வளவு நேரம் ஓடும் என்பதைத் தாங்கியின் கொள்ளளவுதான் முடிவு செய்யும்.

அறிக்கையைப் படித்த பணிப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்படியானால் குண்டு வெடித்தால்?” கொழும்புக்கு மேலே ஒருவர் அணுகுண்டு வெடிக்கும் நாளில் நம் வாடிக்கையாளர்கள் தரவைத் தேடி வரமாட்டார்கள் என்றேன். சிரித்தார். ருபீடியம் மணிக்கூட்டுக்குக் கையெழுத்து வைத்தார், தாங்கியைப் பெரிதாக்க அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். கூண்டுக்கான விலைமனுவை மட்டும் திருப்பித் தரவில்லை. அதைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.