வெள்ளை மைக்கு அடியில் இருந்த சொல்

தம் தொண்டு அமைப்புக்கு நிதி உதவி கேட்டு இன்று எங்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்த அம்மா, தம் விண்ணப்பத்தில் ஒரு சொல்லை வெள்ளை மையால் மறைத்து, அதன்மேல் 'பயிற்சிக்கூட ஏற்பாடு' என்று எழுதியிருந்தார்.

தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது அடியில் இருந்த சொல் தெரிந்தது: வாடகை.

வாடகை, மின்கட்டணம், கணக்காளர் சம்பளம் ஆகியவற்றைக் கேட்டால் பணம் கிடைக்காது என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் எங்களைப் போன்ற அறக்கட்டளைக்காரர்கள்தாம். வெளிநாட்டு நன்கொடையில் இத்தகைய நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை இந்திய அரசு 2020இல் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது வேறு கதை.

அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளைக்கு 2013இல் தலைவரான டேரன் வாக்கர் நினைவுக்கு வந்தார். வழக்கறிஞராகவும் வங்கியாளராகவும் இருந்துவிட்டு, நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு சமூக வளர்ச்சி அமைப்பில் பணியாற்றிய பிறகே அவர் கொடுக்கும் பக்கத்துக்கு வந்தார். டெக்சஸில் ஏழைக் குழந்தையாக, 1965இல் தொடங்கிய 'ஹெட் ஸ்டார்ட்' என்ற அரசு முன்பள்ளித் திட்டத்தின் முதல் அணியில் படித்தவர். திட்ட மானியங்களில் நிர்வாகச் செலவுக்கான பங்கை அவருடைய அறக்கட்டளை 2015இல் 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆக இரட்டிப்பாக்கியது. அதையடுத்து, தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு தேவைக்கேற்பச் செலவிடக்கூடிய நெகிழ்வான நிதியை ஐந்தாண்டுகளுக்குத் தந்தது. வாடகைப் பணத்துக்கு அலைந்தவர்களோடு வேலை செய்தவருக்கு அது தோன்றியதில் வியப்பில்லை. நானோ பதினோரு ஆண்டுகளாக மேசையின் இந்தப் பக்கத்தில் மட்டுமே இருக்கிறேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்து, "வாடகை என்றே எழுதுங்கள் அம்மா" என்றேன்.

சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "முழு வருஷத்துக்குமா சார்?" என்று கேட்டார்.