டைலுக்குப் பின்னால்

பிளம்பிங், எலக்ட்ரிக்கல் இரண்டும் பார்க்கிறவன் நான். சென்னையில் ஆதம்பாக்கம், நங்கநல்லூர், வேளச்சேரி பக்கம் 22 வருஷமாக இதுதான் பிழைப்பு. எனக்கு வரும் போன்களில் பல இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணா, பாத்ரூமில் ரெண்டு ஓட்டை போடணும். அஞ்சு நிமிஷ வேலைதான்." போடுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். எங்கே போடுவது என்று பார்க்கத்தான் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்குக் கூலி கேட்க எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை. ஆனால் வேலையே அதுதான்.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருஷம். ஆதம்பாக்கத்தில் முதல் மாடி வீடு, புதிதாகக் குடிவந்த கணவன் மனைவி. துண்டு போடும் கம்பி ஒன்றை மாட்டச் சொன்னார்கள். ஷவர் திருகுக்கு ஒரு சாண் மேலே கணவர் விரலை வைத்துக் காட்டினார். நானும் அங்கேயே டிரில்லை வைத்தேன். டைல் தாண்டியது, சிமெண்ட் தாண்டியது, திடீரென்று பிட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வெளியே இழுத்ததுதான் தாமதம், தண்ணீர் எதிர்ச் சுவர் வரைக்கும் பீய்ச்சி அடித்தது. வால்வு மொட்டை மாடியில். மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி வீட்டுக்காரரிடம், அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் ஒரு பழைய லுங்கியைச் சுருட்டி அந்தத் துளையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மூன்று டைலை உடைத்துக் குழாயை வெட்டி, கப்ளர் போட்டு ஒட்டினோம். அந்த டிசைன் டைல் சென்னையில் எங்கேயும் கிடைக்கவில்லை. வேறு நிறத்தில் மூன்று டைல் பதித்தோம். காலி செய்யும்போது அட்வான்ஸில் அதற்குப் பணம் பிடித்தார்கள். பாதியை நான் கொடுத்தேன், மீதியை அந்தக் கணவர் ஏற்றுக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். டிரில்லைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் வால்வைப் பார்த்துவிடுவேன். எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், மூடினால் உண்மையிலேயே தண்ணீர் நிற்கிறதா என்று ஒருமுறை மூடியும் பார்ப்பேன். வருஷக்கணக்கில் தொடாத கேட் வால்வு பல வீடுகளில் துருப்பிடித்துச் சுற்றவே சுற்றாது. அது தெரியாமல் சுவரில் கை வைக்கக் கூடாது.

அடுத்து சுவரைப் படிப்பது. உள்ளே என்ன ஓடுகிறது என்பதை வெளியே தெரிகிறவைதான் சொல்லும். மிக்ஸருக்கு, அதாவது வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் குழாய்க்கு, நேர் மேலே ஷவர் இருந்தால் நடுவில் குழாய் ஏறுகிறது. கீசரிலிருந்து போகும் வெந்நீர் மிக்ஸரை நோக்கி இறங்கும். ஹெல்த் பாசெட், ஃபிளஷ் டேங்க் இவற்றுக்குத் தண்ணீரை மூடித் திறக்கும் சின்னத் திருகுகளான ஆங்கிள் காக்குகளுக்குப் பெரும்பாலும் தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் குறுக்காக லைன் வரும். எந்தக் குழாய் முனையிலிருந்தும் நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் என்று மனசுக்குள் கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் அரை அடி விட்டுவிடுவேன். சுவரில் காடி வெட்டிப் புதைத்த குழாய் ஒன்றும் ஆழத்தில் இருக்காது. டைல் முகத்திலிருந்து ஒன்று, ஒன்றரை அங்குலத்திலேயே இருக்கும். இரண்டு அங்குல ஸ்க்ரூ தாராளமாக எட்டிவிடும்.

வெந்நீர் லைனைக் கண்டுபிடிக்க ஒரு கைவழி உண்டு. காலையில் டைல் சில்லென்று இருக்கும்போது கீசரை நன்றாகச் சூடேற்றி, வெந்நீரை மட்டும் ஏழெட்டு நிமிஷம் திறந்துவிட்டுப் புறங்கையால் சுவரைத் தடவினால், குழாய் போகும் இடம் சில சமயம் வெதுவெதுப்பாகத் தெரியும். தெரியவில்லை என்பதால் குழாய் இல்லை என்று அர்த்தமில்லை, பூச்சு கனமாக இருக்கலாம். கடையில் விற்கும் டிடெக்டரும் என்னிடம் இருக்கிறது. பழைய ஜி.ஐ. இரும்புக் குழாயை அது காட்டும், மின்சார வயரைக் காட்டும். இப்போதைய சி.பி.வி.சி. குழாய் பிளாஸ்டிக், அதை நம்பிக்கையாகக் காட்டாது. அதனால் அந்த மெஷின் சும்மா இருந்தால் நான் நிம்மதி அடைவதில்லை.

மின்சாரம் தனிக் கவலை. கீசருக்கு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் இருக்கும், அதற்கு வயர் பெரும்பாலும் நேர் மேலேயிருந்து இறங்கும். அந்தக் கோட்டில் ஆணிகூட அடிக்க மாட்டேன். மெயின் பெட்டியில் அந்த லைனின் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் வேலை. டிரில் பேட்டரி மெஷின். தண்ணீர் சிந்திய தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துப் போட்டு வேலை பார்க்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். டிரில் பட்டு வயரின் தோல் கொஞ்சம் உரிந்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சுவரில் ஈரம் ஏறிய பிறகு, ஒருநாள் யாரோ ஈரக் கையோடு அங்கே மாட்டிய துண்டுக் கம்பியைப் பிடிப்பார்கள். கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த நொடியில் கரண்டை வெட்டிவிடும். பழைய வாடகை வீடுகள் பலவற்றில் அது கிடையாது. இருக்கிற வீட்டில் அதன் டெஸ்ட் பட்டனை நானே அழுத்திப் பார்த்துவிடுவேன், விழவில்லை என்றால் முதலில் அதை மாற்றச் சொல்வேன்.

டைலைத் துளைப்பதற்கு முன் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் பின்னால் கலவை பிடிக்கவில்லை, அந்த டைல் விரியும். மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹேமரை அணைத்துவிட்டு, மெதுவாகச் சுற்றவிட வேண்டும். டைலைத் தாண்டிய பிறகுதான் ஹேமர். விட்ரிஃபைடு டைல் என்றால் டயமண்ட் பிட், அடிக்கடி தண்ணீரில் தோய்த்து ஆறவைத்து. இரண்டு டைல் சேரும் கோட்டில் போட்டால் டைல் உடையாது என்று பலர் சொல்கிறார்கள். நம் வீடுகளில் அந்த இடைவெளி இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. 6 மில்லிமீட்டர் பிட் அங்கே இறங்கினால் இரண்டு டைலின் விளிம்பும் பெயரும். நான் டைலின் நடுப்பக்கமாகத்தான் போடுவேன்.

துளை போடும்போது நான் கண்ணை எடுக்காமல் பார்ப்பது தூளைத்தான். முதலில் டைல் மாவு வரும். அப்புறம் சாம்பல் நிறத்தில் சிமெண்ட், அதற்கப்புறம் செம்மண் மாதிரி செங்கல். சிவப்பைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு விடலாம். தூள் ஈரமாக வந்தால் நிறுத்த வேண்டும். தந்த நிறத்தில் சுருள் சுருளாக, பென்சில் சீவல் மாதிரி மெல்லிசாக வந்தால் அது சி.பி.வி.சி. அந்த நொடியில் கையை எடுத்துவிட்டால் குழாய் ஓட்டையாகாமல் தப்பியிருக்கலாம். ஆனாலும் திறந்து பார்த்துவிடுவதுதான் நல்லது. கீறல் விழுந்த குழாய் சில மாதம் தாங்கிவிட்டு மெதுவாகக் கசியும். பின்பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் பெயிண்ட் பொருமி வரும்போதுதான் தெரியும். துளை சரியாக அமைந்தால் தூளை ஊதிவிட்டு, கொஞ்சம் சிலிக்கான் வைத்து, அதற்கு மேல் ஸ்க்ரூ பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கை இறக்குவேன். இல்லாவிட்டால் குளிக்கிற தண்ணீர் தினமும் அந்த வழியாகச் சுவருக்குள் போகும்.

வாடகை வீடு என்றால் இன்னும் ஒரு படி உண்டு. வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. கட்டடத்தின் அமைப்பை மாற்ற எழுத்தில் அனுமதி வேண்டும் என்கிறது அது. துண்டுக் கம்பிக்கான துளை அந்தக் கணக்கில் வராதுதான். ஆனால் அட்வான்ஸ் திரும்ப வாங்கும் நாளில் சட்டத்தைப் படித்துக் காட்டுவதைவிட, "நாலு துளை, இந்த இடத்தில், போகும்போது அடைத்துத் தருகிறேன்" என்று முன்பே அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்திக்கு மதிப்பு அதிகம். கண்ணாடிக்கும் சோப்புத் தட்டுக்கும் நான் துளையே வேண்டாம் என்பேன். ஒட்டுகிற கொக்கி போதும், பழைய குடித்தனக்காரர் போட்ட துளை இருந்தால் அதிலேயே மாட்டலாம். டைல் ஏழடியோடு முடிகிற வீடுகளில் அதற்கு மேலே வெறும் பூச்சு, அங்கே போட்ட துளையைப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அடையாளம் தெரியாது.

ஆனால் வயசானவர்கள் பிடித்து எழுந்திருக்கும் கம்பிக்கு ஒட்டு வேலை ஆகாது. அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நங்கநல்லூரில் ஒரு வாடகை வீடு. 74 வயது அம்மா, இரண்டு முறை பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர். மகள் ஆன்லைனில் காற்றுறிஞ்சியால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடி ஒன்று வாங்கி வைத்திருந்தார். நான் பிடித்து ஒரு இழு இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். ஒப்பந்தத்திலேயே சுவரில் துளை கூடாது என்று எழுதியிருந்தது. மகளிடம் போனை வாங்கி நானே பேசினேன். "சார், ஆறு துளை. 8 மில்லிமீட்டர். எந்த டைலில் என்று படம் அனுப்புகிறேன். காலி பண்ணும்போது அதே நிறத்தில் நானே வந்து அடைத்துத் தருவேன்." அவர் உடனே பதில் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் சம்மதம் வந்தது, கூடவே நாலு படங்கள். வீடு கட்டும்போது டைல் ஒட்டுவதற்கு முன்னால் அவர் அப்பா எடுத்து வைத்தவை.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. வெந்நீர்க் குழாய் நேராக இறங்கவில்லை. குழாயை வளைத்து இணைக்கும் எல்போவை மிச்சம் பிடிக்க யாரோ மூலைக்கு மூலை சாய்வாக இழுத்திருந்தார்கள். நான் அன்று காலையில் குறித்த இடத்துக்குக் குறுக்கே. என் கணக்கில் அது பத்திரமான இடம். புறங்கையால் தடவியபோதும் அங்கே எந்தச் சூடும் தெரியவில்லை.

மறுநாள் படத்தில் செங்கல் வரிசைகளை எண்ணினேன். ஒரு வரிசைக்குச் சுமார் மூன்றரை அங்குலம். கதவு நிலையிலிருந்தும் மிக்ஸரிலிருந்தும் அளந்து குழாயின் பாதையை டைல் மேல் பென்சிலால் வரைந்தேன். அப்புறம் அம்மாவை கமோடில் உட்காரச் சொன்னேன். "எழுந்திருக்கிற மாதிரி கையை நீட்டுங்கம்மா, சுவரைப் பார்க்காதீங்க." அவர் கை தானாகப் போய் நின்ற இடத்தில் குறித்தேன். குழாயிலிருந்து ஏழு அங்குலம் தள்ளி இருந்தது. ஆறு துளையிலும் செங்கல் தூள். கம்பியை முடுக்கிவிட்டு என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் அம்மாவைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "இன்னொரு தடவை பார்க்கட்டுமா தம்பி?" என்று கேட்டார்.

இப்போது புது வீட்டு வேலை எடுத்தால், டைல் மேஸ்திரி வருவதற்கு முதல் நாள் ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்துவிடுகிறேன். வீட்டுக்காரருக்கு அனுப்புகிறேன். போன் மாறும், படம் தொலையும் என்பதால் லாஃப்ட் கதவின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவாலும் எழுதிவிடுகிறேன். போன வாரம் வேளச்சேரியில் எழுதியது: "பெரிய பாத்ரூம். வெந்நீர் லைன் கதவு நிலையிலிருந்து 2 அடி 3 அங்குலம், நேர் இறக்கம். கீசர் வயர் வலது மூலையிலிருந்து 10 அங்குலம். வால்வு டக்டில், இடமிருந்து இரண்டாவது."