ஐன்ஸ்டைனுக்கு மட்டும் சிபியு வேலையே வரல: ரிசோர்ஸ் ஷேரோட மூணு வாரம்

போன மாசம் புது கேஸ்ல மெஷினை மாத்துனப்போ போயிங்க்கை (விமானம் இல்லப்பா, நம்ம கம்ப்யூட்டர் சும்மா இருக்குற நேரத்தை அறிவியல் ஆராய்ச்சி ப்ராஜெக்டுகளுக்குக் குடுக்குற BOINC சாஃப்ட்வேர்) சுத்தமா அழிச்சிட்டு மறுபடி போட்டேன். ரைசன் 5 3600 சிபியு (12 த்ரெட், அதாவது ஒரே நேரத்துல 12 வேலை ஓட்டும்), ஜிடிஎக்ஸ் 1650 ஜிபியு, மூணே ப்ராஜெக்ட்: ஐன்ஸ்டைன், ரொசெட்டா, வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட். மூணுக்கும் டிஃபால்ட் ரிசோர்ஸ் ஷேர் (மெஷின்ல யாருக்கு எவ்ளோ பங்குன்னு சொல்ற எண்) 100. ஜிபியுக்குத் துணையா போற ஒரு த்ரெட்டைக் கழிச்சா மீதி 11, ஆளுக்கு நாலு நாலுன்னு ஓடும்னு மனக்கணக்கு.

ஓடல. ஐன்ஸ்டைன் ஜிபியு டாஸ்க் ஒண்ணு எப்பவும் ஓடுது, சிபியுல ஒரு டாஸ்க் கூட கிடையாது. ரெண்டு நாள் பொறுத்தேன். ஷேரை 300 ஆக்குனேன். அப்புறம் 1000. ம்ஹூம், ரொசெட்டாவும் கிரிட்டும் சிபியுவைப் பங்கு போட்டுக்கிட்டு ஜாலியா ஓடுதுங்க.

கடைசில சிசி_கன்ஃபிக்ங்கிற செட்டிங்ஸ் ஃபைல்ல வொர்க் ஃபெட்ச் டீபக் ஃப்ளாகை (யார்கிட்ட ஏன் வேலை கேக்குதுன்னு காட்டும்) ஆன் பண்ணிட்டு ஈவென்ட் லாகைப் பாத்தா, ப்ராஜெக்டுகளோட ப்ரயாரிட்டி எல்லாமே மைனஸ்ல இருக்கு, அதுல ஐன்ஸ்டைன் அதலபாதாளத்துல. அப்பதான் உறைச்சது, ஷேர்ங்கிறது சிபியுக்குத் தனி ஜிபியுக்குத் தனி கிடையாது, ரெண்டும் சேர்ந்த மொத்தக் கணக்கு. வெர்ஷன் 7-க்கு முன்னாடி கடன் கணக்கு மாதிரி ஒண்ணு வச்சிருந்தாங்க, இப்ப ரெக், அதாவது ரீசன்ட் எஸ்டிமேட்டட் கிரெடிட். ப்ராஜெக்ட் நிஜமா குடுக்குற கிரெடிட்டுக்கும் (செஞ்ச வேலைக்கான பாயின்ட்) இதுக்கும் சம்பந்தமே இல்ல, எந்த ஹார்டுவேர் எவ்ளோ நேரம் ஓடுச்சு, அதோட பீக் ஸ்பீட் என்ன, அவ்ளோதான்.

என் மெஷின்ல கணக்கு போட்டுப் பாத்தேன். ஒரு ஜிகாஃப்ளாப்ஸ் (நொடிக்கு நூறு கோடி கணக்கு) வேகத்துல ஒரு நாள் முழுக்க ஓடுனா 200 கிரெடிட். 1650 பீக்ல சுமார் 3,000 ஜிகாஃப்ளாப்ஸ், ஆக நாளைக்கு 6 லட்சம். சிபியு பெஞ்ச்மார்க்படி எல்லா த்ரெட்டும் சேர்ந்து சுமார் 60, அதாவது 12,000. புரியுதா கொடுமை? ஜிபியுல ஓடுறதால மட்டுமே ஐன்ஸ்டைன் மொத்தத்துல 98 சதவீதத்தை முழுங்கிடுச்சு. ஷேர் 1000 போட்டாலும் 1200-ல 1000, 83 சதவீதம்தான் அதோட பங்கு. "உனக்கு ஏற்கனவே அதிகம்"னு க்ளையன்ட் (மெஷின்ல ஓடுற போயிங்க் ப்ரோக்ராம்) சிபியு வேலை கேக்கவே மாட்டேங்குது. அது சரியாத்தான் வேலை செய்யுது, நான்தான் மூணு வாரமா திட்டிட்டு இருந்திருக்கேன்.

விடுவேனா. சிபியுல மூணுல ஒரு பங்கு வரணும்னா ஷேர் எவ்ளோன்னு தலைகீழா கணக்கு போட்டா சுமார் 15,000 வருது. போட்டேன்! அடுத்த நாள் சாயங்காலம் பையன் ரெண்டு மணி நேரம் கேம் ஆடுனான், ஜிபியு நின்னுச்சு. அந்த ரெண்டு மணி நேர நஷ்டம் 50,000 கிரெடிட். அதை ஈடுகட்ட சிபியு மொத்தமும் ஐன்ஸ்டைனுக்கே உழைக்கணும். உழைச்சுது, மத்த ரெண்டும் பட்டினி. யானையையும் எறும்பையும் ஒரே தராசுல வச்சிட்டு முள்ளு நடுவுல நிக்கலையேன்னு கவலைப்பட்ட கதை.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து, என் தப்புதான். ரெக் ஹாஃப் லைஃப் டிஃபால்ட்டா 10 நாள், அதாவது பழைய கணக்கு பாதியா குறையவே 10 நாள் ஆகும், அதனால இன்னிக்கு ஷேரை மாத்திட்டு நாளைக்கு ரிசல்ட் பாக்குறது வீண். இது தெரியாம தினமும் நோண்டுனதோட நிக்காம பஃபரை (முன்கூட்டியே வாங்கி வச்சுக்குற வேலை) 4 நாளா வேற வச்சிட்டேன். ரொசெட்டா டெட்லைன் 3 நாள். வந்து குவிஞ்ச டாஸ்க் எல்லாம் டெட்லைன் தாண்டும்னு தெரிஞ்சதும் க்ளையன்ட் ஷேரை ஓரமா தூக்கி வச்சிட்டு எது முதல்ல முடியணுமோ அதையே ஓட்டுது. இப்ப பஃபர் 0.1 நாள், கூடுதல் 0.2 நாள். நெட் கட்டாகாத வீட்டுக்கு இது தாராளம்.

இப்ப இறங்கியிருக்குறது ரெண்டு க்ளையன்ட் வழி. ஒண்ணுல நோ ஜிபியுஸ் போட்டு சிபியு மட்டும், மூணு ப்ராஜெக்டும் 100, 100, 100. இன்னொண்ணு தனி டேட்டா ஃபோல்டர், ஐன்ஸ்டைன் ஜிபியு மட்டும், வெப்சைட்ல தனி வென்யூ (ஒரு மெஷின் குரூப்புக்கான தனி செட்டிங்ஸ்) வச்சு சிபியுவை ஆஃப் பண்ணியாச்சு. அலவ் மல்டிபிள் க்ளையன்ட்ஸ் போட மறக்காதீங்க, போர்ட்டும் மாத்தணும். டிஃபால்ட் 31416 (பை நம்பர், யாரோ ரசிச்சு வச்சிருக்காங்க), ரெண்டாவதுக்கு 31418 குடுத்தேன். க்ளையன்ட் ஓடுது, மேனேஜர்தான் (க்ளையன்டைக் கண்ட்ரோல் பண்ற விண்டோ) பாஸ்வேர்ட் தப்புன்னு அடம் பிடிக்குது. ரெண்டு ஃபோல்டர்லயும் அந்த இணைப்புக்கான ஆர்பிசி பாஸ்வேர்ட் ஃபைல் தனித்தனியா இருக்கு, பழசையே எடுக்குதுன்னு சந்தேகம்.

ரேம் வேற பத்தல, ரொசெட்டா நாலஞ்சு ஒண்ணா ஓடுனா 16 ஜிபி மூச்சு வாங்குது. தெரிஞ்ச கடைக்காரர் பழைய 8 ஜிபி ஸ்டிக் ரெண்டு எடுத்து வச்சிருக்காராம், சனிக்கிழமை போகணும். சும்மா கிடக்குற ராஸ்பெர்ரி பை 4-லயும் ஐன்ஸ்டைன் ஓடும், அதையும் கோத்து விடலாம்னு ஆசை. வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்ல வேலை வராத நாளுக்கு வேற ஏதாவது ப்ராஜெக்டை ஷேர் 0 போட்டு பேக்கப்பா வைக்கணும், மத்ததுல வேலை இல்லாதப்ப மட்டும் அது வரும்.

சிபியு க்ளையன்ட்ல இன்னிக்கு காலையில எண்ணிப் பாத்தேன்: ஐன்ஸ்டைன் 4, ரொசெட்டா 4, கிரிட் 3. பையனை ஜிபியு பக்கம் விட்டாச்சு.