பழைய துணியை வெட்டும் முன், அதன் பலத்தைப் பாருங்கள்

பழைய துணி கையில் கிடைத்ததும் கண் போவது நிறத்துக்கும் பூவேலைக்கும்தான். அந்த அழகுக்காகத்தானே தேடித் தேடிச் சேர்க்கிறோம்! ஆனால் அது சட்டையாகுமா, மெத்தை விரிப்பில் ஒரு துண்டாகுமா, பெட்டியிலேயே இருக்க வேண்டியதா என்பதை நிறம் சொல்லாது. நூலில் மிச்சமிருக்கும் பலம்தான் சொல்லும். ஒரு கறைகூட இல்லாமல் பளபளக்கும் பட்டு, விரலால் இழுத்ததும் பிளந்துவிடலாம். மஞ்சள் பூத்து அழுக்காய்க் கிடக்கும் கெட்டியான லினன், ஒழுங்காக ஊறவைத்து அலசினால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

முதல் சோதனைக்கு வெளிச்சமும் இரண்டு கைகளும் போதும். துணியை ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடித்தால் பூச்சி அரித்த பொத்தல், நைந்த இடம், இழை விலகிய இடம் எல்லாம் தெரியும். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் 3 செ.மீ. இடைவெளியில் வைத்து, பாவு (நீள) நூல் போகும் திசையில் ஒரு முறை, ஊடை (குறுக்கு) நூல் போகும் திசையில் ஒரு முறை, மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல துணி கொஞ்சம் கொடுத்துத் திரும்பும். இற்றுப்போன துணியில் நூல் அறுபடும் மெல்லிய சத்தம் கேட்கும், கேட்டதும் நிறுத்திவிடுங்கள். இந்தச் சோதனையை ஒரே இடத்தில் செய்தால் பயனில்லை. மடிப்புக் கோடுகள், அக்குள் பகுதி, வெயில் பட்ட ஓரம், கரும்பழுப்பு அச்சு இருக்கும் இடம் என நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும்.

கரும்பழுப்பையும் கறுப்பையும் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய அச்சுத் துணிகளில் அந்த நிறங்களை இரும்பு உப்பும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்த்து வரவழைத்தார்கள். அந்த இரும்பு, காலப்போக்கில் நூலையே அரித்துவிடும். மற்ற நிறங்கள் அப்படியே இருக்க, பூவின் பழுப்புக் கோடு மட்டும் பொடிந்து உதிர்ந்திருக்கும் துணிகளை நிறையப் பார்க்கலாம். இது பூச்சி அரிப்பு அல்ல. சலவை செய்தால் சரியாகாது, கூடும்.

பட்டில் வேறு ஒரு சிக்கல். பட்டு நூலின் மேலிருக்கும் பசையை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்ற பொருள். அதனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், போன எடையை ஈடுகட்ட வெள்ளீய உப்புகளை ஏற்றினார்கள். சில துணிகளில் போனதைவிட அதிகமாகவே ஏற்றினார்கள். துணி கனமாகத் தொங்கியது, நடக்கும்போது சரசரத்தது. அந்த உப்புகளே பிறகு இழையைச் சிதைத்தன. நூல் திசையில் நேர் நேராகக் கீறல் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான். எந்தப் பசையும் எந்தத் தையலும் அதைத் திரும்பப் பலப்படுத்தாது. அதில் உடை தைக்க நினைக்கவே வேண்டாம். படுக்கையாக விரித்து வைத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என்ன இழை என்று தெரியாமல் தண்ணீரிலோ இஸ்திரியிலோ கை வைக்கக் கூடாது. உள்தையல் ஓரத்திலிருந்து 2 செ.மீ. நூலைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய உலோகத் தட்டுக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் ரேயானும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்கும் நாற்றத்தோடு சுருளும். மிஞ்சும் கரிய உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டரும் நைலானும் உருகிச் சொட்டி, நசுக்க முடியாத கெட்டி மணியாக இறுகும். பாவு ஒரு இழை, ஊடை வேறு இழை என்று நெய்த துணிகள் உண்டு என்பதால் இரண்டு திசை நூலையும் தனித்தனியாகக் கொளுத்த வேண்டும். அசிட்டேட் என்ற செயற்கை இழை மட்டும் பட்டு மாதிரியே கண்ணை ஏமாற்றும். ஒரு நூலில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டால் அது பிசுபிசுத்துக் கரைந்துவிடும். இதனால்தான் பழைய பளபளப்பான லைனிங்கில் கறை போக்க நகப்பூச்சு நீக்கியைத் தொடக் கூடாது.

இழை தெரிந்தால் காலமும் கொஞ்சம் பிடிபடும். நைலான் காலுறைகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1940-இல். பாலியஸ்டர் துணி 1950களுக்கு முன் சந்தையில் இல்லை. சுமார் 36 அங்குல அகலம் இருந்தால் 1950களோ அதற்கு முன்போ இருக்க வாய்ப்பு அதிகம்; 44, 45 அங்குலம் பிறகுதான் வழக்கமானது. ஓரக்கரையில் ‘சான்ஃபரைஸ்டு’ என்று அச்சிட்டிருந்தால் அது 1930களிலோ அதற்குப் பின்போ வந்தது. இனி 1 சதவீதத்துக்கு மேல் சுருங்காது என்பது அந்த முத்திரையின் பொருள். தைத்த உடையாக இருந்தால், அமெரிக்கத் தயாரிப்புகளில் இழை விவரம் எழுதுவது 1960-இலும் சலவைக் குறிப்பு 1972-இலும் கட்டாயமாயின. அகலத்தைத் தவிர மற்றவை எல்லாமே ‘இதற்கு முந்தியது அல்ல’ என்று சொல்லும் தடயங்கள்தான். நீலஊதா டார்ச் அடித்துத் துணி ஒளிர்ந்தால் புதுசு என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. வெண்மையூட்டி கலந்த இன்றைய சோப்புத் தூளில் ஒரு முறை துவைத்தாலே நூறு வருடத்துப் பருத்தியும் ஒளிரும்.

கம்பளியோ பட்டோ வாங்கி வந்தால், மற்றத் துணிகளோடு சேர்க்கும் முன் பூச்சியைக் கொல்ல வேண்டும். பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, −18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் வெளியே இருந்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால்தான் துணியின் மேல் நீர் படியாது.

சலவைக்கு முன் சாயச் சோதனை. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் 10 நிமிடம் அழுத்தி வையுங்கள். பிறகு சோப்புக் கரைசலில் நனைத்து அதையே செய்யுங்கள். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் இறங்கும். இறங்கினால் அந்தத் துணிக்குத் தண்ணீர் வேண்டாம். வலை வழியாகத் தூசி உறிஞ்சினால் போதும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பழந்துணிகளை நிறையக் கெடுத்திருக்கிறது. ஏற்கெனவே சாயமேற்றிய பருத்தியில் இவை எதையும் நிலைக்கச் செய்யாது.

சாயம் இறங்காத வெள்ளை, வெளிர் பருத்திக்கும் லினனுக்கும் சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் பிளீச் தூள்) போன்று வேலை செய்யும் பொருள் வேறில்லை. முதலில் வெறும் தண்ணீரில் ஒரு இரவு ஊறவையுங்கள். பழுப்பு அமிலங்கள் பெரும்பகுதி அதிலேயே வெளியேறும். பிறகு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, 40 முதல் 50 டிகிரி வெந்நீர், 6 மணி நேரம். அதற்குள் கரைசலின் வீரியம் போய்விடும். கறை மிச்சமிருந்தால் அதே நீரில் கிடத்தாமல் புதிதாகக் கலக்குங்கள். கடைசியில் நான்கைந்து முறை அலசுங்கள். பட்டு, கம்பளி, ஜரிகை, உலோக பட்டன் உள்ளவை இதற்குள் போகக் கூடாது.

துருக்கறை இருந்தால் வரிசை மாறும்: துருவை முதலில் நீக்கிவிட்டுத்தான் பெர்கார்பனேட். இரும்பு இருக்கும் இடத்தில் அது வேகமாகச் சிதைந்து, கறை இருந்த இடத்தைப் பொத்தலாக்கும். ஒரு கப் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து, கறையில் மட்டும் அரை மணி நேரம் வைத்து நன்றாக அலசினால் பெரும்பாலான துரு போய்விடும். குளோரின் பிளீச்சை எந்தப் பழந்துணிக்கும் சொல்ல மாட்டேன். பருத்தியை அது நைய வைக்கும், பட்டையும் கம்பளியையும் கரைக்கவே செய்யும்.

ஈரத்தில் பருத்திக்குப் பலம் கூடும். ரேயானுக்கு ஏறக்குறைய பாதி போய்விடும். நனைந்த ரேயானை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் தன் எடையிலேயே கிழியும். கொசுவலைத் துண்டு ஒன்றை அடியில் விரித்து, அதோடு சேர்த்துத் தூக்கி, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள். சான்ஃபரைஸ்டு முத்திரை இல்லாத, துவைக்காத பருத்தி நன்றாகவே சுருங்கும். இனி எந்தச் சூட்டில் துவைப்பீர்களோ அதே சூட்டில் ஒரு முறை நனைத்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

பழைய உடையைப் பிரித்துத் துணி எடுப்பதாக இருந்தால், தையலின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு கண்ணிக்கு ஒரு முறை நூலை வெட்டி, மறுபக்க நூலை உருவுங்கள். இரு துண்டுகளையும் பிடித்துப் பிளந்து பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தையல் ஓட்டைகளே அங்கு பலவீனமான இடம்.

வெட்டும்போது முதல் இடைஞ்சல் அகலம். 45 அங்குலத் துணியில் 2 மீட்டர் கேட்கும் உடைக்கு, 36 அங்குலத்தில் பரப்புக் கணக்குப்படி 2.5 மீட்டர் போதும். ஆனால் அகலமான பாகங்கள் அந்த அகலத்தில் அடங்காமல் போவதுண்டு. கையில் இருப்பதற்கு மேல் அந்தத் துணி கிடைக்கப் போவதில்லை. அதனால் அதே அகலத்துக்குக் காகிதத்தை வெட்டி, எல்லாப் பாகங்களையும் அதில் அடுக்கிப் பார்த்துவிடுங்கள். துணியை மடிக்காமல் ஒற்றையாக விரித்து வெட்டினால் கறையையும் நைந்த இடத்தையும் தவிர்த்துப் பாகங்களை நகர்த்த முடியும். குண்டூசிக்குப் பதிலாக எடைக் கற்கள் வையுங்கள். அச்சு, நூல் நேரிலிருந்து (நெசவு நூல் ஓடும் திசையிலிருந்து) விலகியிருப்பது பழைய துணிகளில் சகஜம். கட்டமோ கோடோ என்றால் கண்ணுக்குத் தெரிவது அச்சுதான், அதன்படி வெட்டலாம். சிறு பூ என்றால் நூல் நேரையே பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உடை ஒரு பக்கமாகத் திரும்பும்.

எது எங்கே போகலாம் என்பது இழுப்பைப் பொறுத்தது. தோள், அக்குள், பின் இடுப்பு, முழங்கை ஆகியவை அதிக இழுப்புத் தாங்கும் இடங்கள். இழுத்துப் பார்த்ததில் தயங்கிய துணியை அங்கே வைக்கக் கூடாது. தளர்வான பாவாடை, காலர், பாக்கெட் முகப்பு, திரைச்சீலை விளிம்பு போன்றவற்றுக்கு அது போதும். நடுத்தரப் பலமுள்ள துணிக்கு அடித்துணி கொடுத்தால் ஆயுள் நீளும். மெல்லிய மல் துணியையோ, பட்டுக்கு ஆர்கன்ஸா என்ற விறைப்பான மெல்லிய துணியையோ அதே அளவில் வெட்டி, 7 செ.மீ. இடைவெளியில் ஓட்டுத் தையல் போட்டு, இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துத் தையுங்கள். இழுப்பை அடித்துணி வாங்கிக்கொள்ளும். இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ் சுலபம்தான், ஆனால் அந்தப் பசையைத் திரும்ப எடுக்கவே முடியாது. ஒட்டுத்துணி விரிப்பில் வலுவான புதுத் துணிக்கு நடுவே நைந்த துண்டை வைத்தால், சுற்றியுள்ள துணி அதையே இழுத்துக் கிழிக்கும். ஒத்த எடையும் ஒத்த பலமும் உள்ளவற்றைத்தான் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

மெல்லிய மல்லுக்கும் பட்டுக்கும் 60/8 ஊசி, சாதாரண பருத்திக்கு 70/10, கெட்டி லினனுக்கு 80/12 அல்லது 90/14. ஒவ்வொரு வேலைக்கும் புது ஊசி. மழுங்கிய முனை பழைய நூலை விலக்காமல் அறுத்துவிடும். கண்ணியின் நீளம் 2.5 மி.மீ. இருக்கட்டும், 2-க்குக் கீழே போக வேண்டாம். நெருக்கமான கண்ணி உறுதி என்று தோன்றும். நைந்த துணியில் அது தபால்தலை ஓரம் போல் ஓட்டை வரிசையாகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். மெஷின் பாதத்தின் அழுத்தத்தையும் குறைத்துவிடுங்கள். தைக்க 50 எண் பருத்தி நூல். பாலியஸ்டர் நூல் துணியைவிட வலுவானது. இழுப்பு வரும்போது தையல் விடாமல் துணி கிழியும். கிழிந்த தையலைத் திரும்பப் போடலாம், துணியை நெய்ய முடியாது. பழைய மரக் கட்டையில் சுற்றிய நூல் பார்க்க அழகு, தைக்க ஆகாது.

பிசிறு வரும் மெல்லிய துணிக்கு ஓவர்லாக் கத்தியைவிட பிரெஞ்சுத் தையல் நல்லது. தையலுக்கு 1.5 செ.மீ. விட்டிருந்தால், நல்ல பக்கம் வெளியே தெரியுமாறு சேர்த்து முதலில் 6 மி.மீ.யில் தையுங்கள். ஓரத்தை 3 மி.மீ.யாக நறுக்கி, திருப்பி, அழுத்தி, 9 மி.மீ.யில் இரண்டாம் தையல். வளைந்த அக்குளில் இது தடித்து நிற்கும். அங்கே ஓரத்துக்கு மூலைவாட்டத்தில் வெட்டிய பட்டி சுற்றிவிடுங்கள். இஸ்திரி எப்போதும் உள்பக்கத்திலிருந்து, பருத்தித் துணி மேலே போட்டு. அசிட்டேட் என்றால் ஒற்றைப் புள்ளிச் சூட்டுக்கு மேல் போகாதீர்கள்.

சேர்த்து வைப்பவை கஞ்சி இல்லாமல் இருக்க வேண்டும். கஞ்சி ராமபாணப் பூச்சியை அழைக்கும், மடிப்பில் நூலை முறிக்கும். மரப்பலகையிலும் சாதாரண அட்டைப்பெட்டியிலும் நேரடியாக வைத்தால் அவற்றின் அமிலம் பழுப்புக் கோடாக ஏறும். அலசிய வெள்ளை மல்லில் சுற்றி வையுங்கள். நீளமானவற்றை மல் சுற்றிய குழாயில் உருட்டுவது மடிப்பதைவிட நல்லது. மடித்தே தீர வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு ஒரு முறை மடிப்புக் கோட்டை மாற்றுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் கவலையில்லை. அந்துருண்டை வேண்டாம்: நெடி நூலைவிட்டுப் போகாது, மூச்சுக்கும் கேடு. பழைய செல்லுலாய்டு பட்டன்களைக் கழற்றித் தனிக் காகித உறையில் போடுங்கள். அவை சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி, பக்கத்துத் துணியையும் கொக்கிகளையும் கெடுக்கும்.

ஒவ்வொரு துணிக்கும் நீளம், அகலம், இழை, சாயம் இறங்கியதா, எந்தச் சூட்டில் அலசியது ஆகியவற்றைப் பென்சிலால் பருத்தி நாடாவில் எழுதி, ஓரக்கரையில் இரண்டு கண்ணி போட்டுத் தைத்துவிடுங்கள். குண்டூசி குத்தி வைத்தால் அது துருப்பிடித்து, நீக்கிய கறையைத் திரும்பக் கொண்டுவரும்.