கூலன்ட் எங்கே போகிறது: தேடிக் கண்டுபிடித்த கதை

மேடு ஏறும்போதெல்லாம் என் காரின் டெம்பரேச்சர் முள் சிவப்புப் பக்கம் சாயும். சமதளத்துக்கு வந்ததும் இறங்கிவிடும். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் சூடாகவில்லை, ஃபேனும் ஒழுங்காகச் சுற்றியது. ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கீழ்க்கோட்டுக்கும் கீழே. நிரப்பினேன். நான்கு நாளில் மறுபடி அரை லிட்டர் காணோம். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

ஒழுக்கு கண்ணில் படவில்லை என்றால் மனசு நேராக ஹெட் கேஸ்கெட்டுக்குத்தான் ஓடும். எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு அது; பழுதானால் கூலன்ட் ஆயிலிலோ சிலிண்டரிலோ கசியலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. ஆனால் இந்த இரண்டை மட்டும் நம்ப முடியாது. சிலிண்டரில் எரிந்த வாயு மட்டும் கூலன்ட் வழிக்குள் கசிவதும் உண்டு. அதைப் பிடிக்க பிளாக் டெஸ்டர் வாங்கினேன். ரேடியேட்டர் வாயில் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை நீலத் திரவம் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். முதல் முறை கூலன்ட் மட்டத்தை இறக்காமல் இழுத்து, திரவத்தோடு கூலன்ட்டையும் சேர்த்துவிட்டேன். அந்தத் திரவம் வீண். இரண்டாம் முறை பத்து நிமிடம் பார்த்தும் நீலம் நீலமாகவே இருந்தது. அப்பாடா!

அதற்கு முன்பே ரேடியேட்டர் மூடியை மாற்றியிருந்தேன். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், அழுத்தம் இல்லாவிட்டால் சுமார் 107 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி 1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் கொதிநிலை 120-ஐத் தாண்டும். அதனால் மூடிமேல் சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் பலனில்லை.

கடைசியில் கை பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டர். இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் காலையில் மூடியைக் கழற்றி அதை மாட்டி 1 பார் ஏற்றினேன். (சூட்டில் இந்த மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.) கால் மணி நேரத்தில் டெஸ்டரின் முள் 0.7-க்கு இறங்கியது, அதாவது எங்கோ ஒழுகுகிறது. டார்ச்சோடு குனிந்து தேடினால், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து மெல்லிய ஒழுக்கு. சுற்றிலும் காய்ந்த இளஞ்சிவப்புப் படிவு. உள்ளே சீல் தேய்ந்தால் நீர் வெளியே வந்து காட்டிக்கொடுக்கத்தான் அந்த ஓட்டையை வைத்திருக்கிறார்கள். ஓடும்போது ஒழுகுவது சூடான பிளாக்கில் பட்டு ஆவியாகிவிட, தரை வரை எதுவும் வரவில்லை. வண்டி ஓடி வந்த சூட்டிலேயே நான் தேடிக்கொண்டிருந்தேன். எப்படிக் கிடைக்கும்?

பம்ப்பை மாற்றினேன். கையோடு தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) சுடுநீரில் போட்டுப் பார்த்தேன். 82 டிகிரி என்று பொறித்திருந்தது, கிட்டத்தட்ட அங்கேயே திறந்தது. அதை மாற்றவில்லை.

அப்புறம் ஒரு பயம். முதல் ஓட்டத்திலேயே முள் மறுபடி ஏறியது, ஹீட்டரில் குளிர்காற்று. பார்த்தால் கூலன்ட் வழியில் காற்று அடைத்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன். குமிழி நிற்கும்வரை கூலன்ட்டைச் சிறிது சிறிதாக ஊற்றினேன்.

ரிசர்வ் டேங்கில் மார்க்கரால் கோடு போட்டு, தினமும் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பார்க்கிறேன். பன்னிரண்டு நாளாகக் கோட்டிலேயே நிற்கிறது. அந்த மேட்டிலும் நேற்று ஏறிப் பார்த்தேன், முள் பாதியைத் தாண்டவில்லை.